எட்டு நிமிடத்தில் பாசலில் வண்டி மாற முடியுமா?

கேள்வி: ஜூனில் நான், கணவர், எழுபது வயது மாமியார் மூவரும் ஜெர்மனியின் கொலோனிலிருந்து சுவிட்சர்லாந்தில் இருக்கும் இன்டர்லாக்கனுக்கு ரயிலில் போகிறோம். பாசலில் வண்டி மாற எட்டு நிமிடம்தான் இருக்கிறது. ஜெர்மன் ரயில் லேட்டே ஆகாது என்கிறார் கணவர். அடுத்த வண்டியை விட்டுவிட்டால் டிக்கெட் பணம் போச்சா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: முதலில் உங்கள் கணவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்யலாம் என்பதெல்லாம் பழைய கதை. 2024ல் ஜெர்மன் ரயில்வே நிறுவனமான டாய்ச்ச பானின் (சுருக்கமாக டிபி) நெடுந்தூர வண்டிகளில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான், அதிலும் ஆறு நிமிடத்துக்குள் லேட் என்றால் அது லேட்டே இல்லையாம், ரத்தான வண்டிகள் கணக்கிலேயே வராது. உங்கள் பாதையில் கார்ல்ஸ்ரூ–பாசல் பகுதியை நாலு தடமாக்கும் வேலை 1987ல் ஆரம்பித்தது, இன்னும் நடக்கிறது.

எனவே எட்டு நிமிடம் வேண்டாம். டிபி நேவிகேட்டர் செயலியில் வண்டி மாறக் குறைந்தது எவ்வளவு நேரம் வேண்டும் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். மாமியாரும் பெட்டிகளும் இருப்பதால் நாற்பது நிமிடம் வையுங்கள். காபி குடிக்கலாம், லிஃப்டைத் தேடலாம். பாசலில் இரண்டு பெரிய ஸ்டேஷன் உண்டு, முதலில் வருவது பாடிஷர் பான்ஹோஃப், அங்கே அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள், அடுத்து வரும் பாசல் எஸ்பிபிதான் உங்களுடையது.

சரி, அப்படியும் விட்டுவிட்டால்? பாசலிலிருந்து பெர்ன் வழியாக அடிக்கடி வண்டி உண்டு, அதனால் ஊர் போய்ச் சேருவதில் பயமில்லை. டிக்கெட்தான் விஷயம். மலிவான 'ஷ்பார்பிரைஸ்' டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும், ஆனால் போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு போய்விடும், அடுத்த வண்டியில் ஏறலாம். எல்லை தாண்டுவதால் ரயில் ஊழியரிடம் சொல்லி டிக்கெட்டில் ஒரு குறிப்புப் போட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இதெல்லாம் கொலோன் முதல் இன்டர்லாக்கன் வரை ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான். பன்னிரண்டு யூரோ மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் ஒருமுறை இரண்டு டிக்கெட்டாக எடுத்தேன். முதல் வண்டி நாற்பது நிமிடம் லேட், இரண்டாவது வண்டிக்கு அந்த நேரத்து விலையில் புதுசாக வாங்க வேண்டியதாயிற்று, கவுன்டரில் இருந்த அம்மா என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். சில செயலிகளில் நாம் கட்டுவது ஒரே பணம்தான், உள்ளே இரண்டாக வெட்டித் தந்துவிடும், பணம் கட்டும் முன் பாருங்கள்.

அப்புறம், கொலோன் பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பகுதி எழுதியிருக்கும், உங்கள் ரயில் பெட்டி எதில் நிற்கும் என்று பலகையில் வரும். கடைசி நிமிடத்தில் பெட்டி வரிசை தலைகீழாக வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், ஜெர்மன் மொழியில்! சுற்றியிருப்பவர்கள் திடீரென்று ஒரே பக்கமாக நடக்க ஆரம்பித்தால் நீங்களும் பலகையை நிமிர்ந்து பாருங்கள். 'கிளைஸ்' என்றால் பிளாட்பாரம், 'ஃபெர்ஷ்பேட்டுங்' தாமதம், 'ஃபெல்ட் அவுஸ்' என்று வந்தால் வண்டி ரத்து.

கேள்வி: ஐரோப்பாவில் ரயில் தாமதமானால் பணம் திருப்பித் தருவார்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, போய்ச்சேரும் ஊருக்கு 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் பாதி. 2023 ஜூனிலிருந்து கடும் புயல் வெள்ளம் மாதிரி காரணங்களுக்குத் தர வேண்டியதில்லை, ஆனால் ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தத்தை அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு, தண்ணீர், ராத்திரி தங்க வேண்டி வந்தால் ஓட்டல் அறை, இவையும் விதியில் உண்டு. ஆனால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள், கவுன்டர் மூடுவதற்குள் நீங்கள்தான் போய் நிற்க வேண்டும்.