வழிகாட்டியின் கூலியில் மிச்சம் பிடிக்காதீர்கள்

கேள்வி: நமீபியாவில் பாலைவனத்தையும் காட்டு விலங்குகளையும் நடந்தே பார்க்கும் 12 நாள் பயணம் பற்றி நானும் இரண்டு நண்பர்களும் விசாரித்தோம். கட்டணத்தில் பெரும்பகுதி வழிகாட்டிக்கும் உள்ளூர்க் கட்டணங்களுக்கும் போகிறது. மூவருக்கும் மலையேறிப் பழக்கம் உண்டு. போனில் மேப் இருக்கிறது. நாங்களே கார் எடுத்துப் போய் நடந்தால் என்ன?
– கோவை வாசகர்

பதில்: சில இடங்களில் தாராளமாக நடக்கலாம். சொசுஸ்ஃப்லே மணல்மேடுகளில் விடியற்காலையில் ஏறி, டெட்ஃப்லேயின் வெள்ளைக் களிமண் தரைக்கு இறங்குங்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்த மரங்கள் அங்கே மக்காமல் நிற்கின்றன. மக்குவதற்கான ஈரம்கூட அந்தக் காற்றில் இல்லை. ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கிலும் சுமார் 85 கிலோமீட்டரை நீங்களே நடக்கலாம். ஆனால் மே 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் அனுமதி. மருத்துவச் சான்றிதழ் வேண்டும். குறைந்தது மூன்று பேர் வேண்டும். நீங்கள் மூவர் இருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் விலங்குகளையும் கேட்கிறீர்கள். எட்டோஷா தேசியப் பூங்காவில் முகாம் வேலியைத் தாண்டி நடக்கவே கூடாது. வண்டிக்குள் இருந்துதான் பார்க்க வேண்டும். நடந்து பார்க்க வேண்டுமானால் வடமேற்கே டமராலாண்டுக்குப் போகலாம். யானைகள் வறண்ட ஆற்றுமணலில் ஊற்று தோண்டிக் குடிக்கும் பூமி அது. வேலியில்லாத அந்த மலைகளில் கறுப்புக் காண்டாமிருகம் திரிகிறது. அங்கே உங்கள் மேப் எதைக் காட்டும்?

கறுப்புக் காண்டாமிருகத்துக்குப் பார்வை மங்கல், மோப்பம் அபாரம். அதனால் தடம் பார்ப்பவர் சிறு பையில் சாம்பல் வைத்திருப்பார். சில அடிக்கு ஒருமுறை அதைத் தட்டுவார். சாம்பல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, உங்கள் வாடை விலங்கிடம் போகாதபடி சுற்றி அழைத்துப் போவார். அது தலையைத் தூக்கினால் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். எழுந்துவிட்டால் அன்றைய நடை முடிந்தது, திரும்ப வேண்டியதுதான். ஏனென்றால் தண்ணீர் அரிதான இடத்தில் மிரண்டு ஓடும் விலங்கு வீணாக்கும் தெம்பு சாதாரணமானதல்ல. இதை மலையேறிப் பழகியவர் ஒருநாளும் ஊகிக்க முடியாது.

உங்கள் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். காண்டாமிருகம் நின்ற இடம் படத்தோடு பதிவாகி இணையத்தில் ஏறினால், கொம்புக்காகக் கொல்பவனுக்கு நீங்களே வழி காட்டியவர் ஆவீர்கள்.

அந்த விலங்கு இன்று உயிரோடு இருப்பதற்கே ஊர்க்காரர்கள்தான் காரணம். 1980களின் தொடக்கத்தில் வறட்சியும் வேட்டையும் சேர்ந்து அங்கே காண்டாமிருகத்தையும் யானையையும் ஏறக்குறைய துடைத்துவிட்டன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவிலங்குப் பாதுகாவலர் ஊர்த் தலைவர்களிடம் போய்ப் பேசினார். தலைவர்கள் தங்கள் ஆட்களையே காவலுக்கு அனுப்பினார்கள். அவர்களில் பழைய வேட்டைக்காரர்களும் உண்டு. சுவடு படிக்கத் தெரிந்த கண் அவர்களுடையதுதானே! நாடு 1990இல் விடுதலை பெற்றது. 1996இல் வந்த சட்டம், விலங்குகளால் வரும் வருமானத்தில் அந்த மக்களுக்கே உரிமை கொடுத்தது. 1998இல் டமராலாண்டின் டோரா உட்பட முதல் நான்கு கன்சர்வன்சிகள், அதாவது ஊர் மக்களே விலங்குகளைக் காத்து வருமானம் பெறும் பகுதிகள், பதிவாயின. இன்று எண்பதுக்கு மேல் இருக்கின்றன. ஆட்டுப்பட்டியில் சிறுத்தை புகுந்தாலும், தண்ணீர்த் தொட்டியை யானை உடைத்தாலும் ஒரு குடும்பம் பொறுத்துக்கொள்வதற்கு அந்த வருமானமும் ஒரு காரணம். நீங்கள் வெட்டப் பார்க்கும் 'உள்ளூர்க் கட்டணம்' அதுதான். எனக்கு இதில் இரண்டாம் யோசனையே இல்லை: கொடுங்கள்.

பயண நிறுவனத்தைக் கேள்வி கேட்பதில் மட்டும் தயங்காதீர்கள். நடத்திச் செல்பவர் எந்த ஊர்க்காரர், எந்தக் கன்சர்வன்சியில் நடக்கிறோம், அதற்கு எவ்வளவு போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள். பணம் போதவில்லையா, 12 நாளை எட்டாக்குங்கள், தங்கும் விடுதியைக் கூடாரமாக்குங்கள். டமராலாண்டில் நடக்கும் நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.