பவர் சப்ளை பழுதுபார்ப்பு: மாற்று டிரான்சிஸ்டர் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். மிக்ஸருக்கான 12 வோல்ட் ரெகுலேட்டர் பெட்டியில் உள்ள 2என் 3055 டிரான்சிஸ்டர் ஒவ்வொரு சித்திரையிலும் எரிந்துவிடுகிறது. இதைவிட வலுவான மாற்று உண்டா? (வாசகர், திருப்பரங்குன்றம்)

பதில்: உண்டு. எம்ஜே 15003 அதே உலோக உறையிலும் அதே கால் அமைப்பிலும் வருகிறது. 140 வோல்ட், 20 ஆம்பியர், 250 வாட் வரை தாங்கும். ஆனால் அதை வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே 20 வோல்ட் வந்து, வெளியே 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போகிறது என்றால், மிச்சமுள்ள 8 வோல்ட்டின் காரணமாக 24 வாட் வெப்பம் டிரான்சிஸ்டரிலேயே இறங்குகிறது. 2என் 3055-க்குச் சொல்லப்படும் 115 வாட், அதன் உறை 25 டிகிரியில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். உறை 100 டிகிரியைத் தொட்டால் அது சுமார் 65 வாட்டாகக் குறைந்துவிடும். சித்திரை வெயிலில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் சிறிய ஹீட்சிங்க்கை (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) வைத்துக்கொண்டு எந்த எண்ணுள்ள டிரான்சிஸ்டரைப் போட்டாலும் பயன் குறைவு. ஹீட்சிங்க்கைப் பெரிதாக்குங்கள், டிரான்சிஸ்டருக்கு அடியிலுள்ள மைக்கா தகட்டின் இரு பக்கமும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவுங்கள். அதற்குப் பிறகும் எரிந்தால், செத்துப்போன டிரான்சிஸ்டரின் மூடியை அறுத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு கடுகளவே இருந்தால், உங்களுக்கு விற்கப்பட்டது போலிச் சரக்கு. உழைத்துச் சம்பாதிப்பவரிடம் இப்படிப்பட்ட பொருளை விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேள்வி: கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டி) 13007 டிரான்சிஸ்டர் இரண்டும் ஷார்ட் ஆகிவிட்டன. 13005 போடலாமா? (வாசகர், மேலூர்)

பதில்: வேண்டாம். வோல்ட்டேஜில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 13007 தாங்கும் 8 ஆம்பியருக்கு எதிராக 13005 தாங்குவது 4 ஆம்பியர் மட்டுமே. 12 ஆம்பியர் தாங்கும் 13009 பொருத்தமானது. இரண்டையும் ஒரே தயாரிப்பாக வாங்கி, ஒருசேர மாற்றுங்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்போது பேஸ் (டிரான்சிஸ்டரை இயக்கும் கால்) பக்கமுள்ள ரெசிஸ்டர்களும் டையோடுகளும் உடன் போவது வழக்கம். பேஸ் பகுதியிலுள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருப்பதே பலமுறை மூலக் காரணமாக இருக்கும். அவற்றைச் சோதிக்காமல் மின்சாரம் கொடுத்தால் புதியதும் நொடியில் போய்விடும். பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், தொடுவதற்கு முன் ஒரு ரெசிஸ்டர் மூலம் அதை வெளியேற்றுங்கள். முதல் முறை 100 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டே இயக்குங்கள்.

கேள்வி: டி.வி. பவர் சப்ளையில் 600 வோல்ட், 6 ஆம்பியர் மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) இருந்தது. கையில் உள்ள ஐஆர்எஃப் 840-க்கு 8 ஆம்பியர் உண்டே, போதாதா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: போதாது. 230 வோல்ட் மின்சாரம் டி.சி.யாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. டி.வி. பவர் சப்ளைகளில் உள்ள ஃப்ளைபேக் வகைச் சுற்றில் அதன்மேல் டிரான்ஸ்ஃபார்மர் திருப்பித் தரும் வோல்ட்டேஜும், மாஸ்ஃபெட் அணையும் கணத்தில் திடீரென எழும் வோல்ட்டேஜ் கூர்முனையும் சேர்கின்றன. ஐஆர்எஃப் 840-இன் வரம்பு 500 வோல்ட். கூடுதல் ஆம்பியர் இந்தக் குறையை ஈடு செய்யாது.

கேள்வி: இன்வெர்ட்டரில் ஐஆர்எஃப்இசட் 44என் மாஸ்ஃபெட் வரிசையில் ஒன்று மட்டும் போயிற்று. ஐஆர்எஃப் 3205 ஒன்றைச் சேர்க்கலாமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: ஒன்றை மட்டும் கலக்காதீர்கள். 3205-இன் உள்மின்தடை பாதிக்கும் குறைவு என்பதால் பெரும்பங்கு கரண்ட்டை அதுவே இழுத்துக்கொள்ளும். வரிசை முழுவதையும் 3205 ஆக மாற்றினால், 50 ஹெர்ட்ஸில் மட்டுமே மாறும் 12 வோல்ட் இன்வெர்ட்டரில் நன்றாக இயங்கும். வேகமாக மாறும் சுற்றானால், 3205-இன் கேட் (மாஸ்ஃபெட்டை இயக்கும் கால்) இரண்டு மடங்குக்கும் மேல் மின்னேற்றம் கேட்பதால், அதை இயக்கும் டிரைவர் பகுதி திணறும்.

கேள்வி: பிசி 547 டிரான்சிஸ்டருக்குப் பதில் 2என் 2222 போடலாமா? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: போடலாம். ஆனால் கால் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். தயாரிப்பாளருக்கு ஏற்பவும் மாறும். மல்டிமீட்டரில் பேஸ், எமிட்டர் கால்களைக் கண்டறிந்த பிறகே பற்றவையுங்கள்.