என் மண், என் மக்கள், என் மைக்

கேள்வி: நாவலாசிரியர்களின் பேட்டிகளையும் புத்தகத் திருவிழா உரையாடல்களையும் விடாமல் பார்க்கிறேன். எல்லோரும் 'என் மண், என் வேர், என் மக்கள்' என்றே பேசுகிறார்கள். எப்படி எழுதினார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை. எழுத்தாளனுக்கு இந்த அடையாளமெல்லாம் தேவைதானா? நானும் ஒரு நாவல் தொடங்கியிருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். அசல் குமரி மாவட்ட நாவலாக வர அதில் என்னென்ன இருக்க வேண்டும்? நம் பேச்சு மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்கிறார் நண்பர். கடைசியில் அருஞ்சொற்பொருள் சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: கேள்வியின் முதல் பாதியில் எழுத்தாளர்களைக் குறை சொல்கிறீர்கள், இரண்டாம் பாதியில் அதே கடையில் நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள். 'அசல் குமரி நாவலில் என்னென்ன இருக்க வேண்டும்' என்று கேட்டால் என்ன பதில் வரும்? திருவள்ளுவர் சிலை, மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும், ஒரு பனை, ஒரு சர்ச், ஒரு குளம், 'மக்களே' என்று கூப்பிடும் ஒரு பாட்டி. இதையெல்லாம் போட்டு எழுதிய கையெழுத்துப் பிரதிகள் என் மேஜையில் நிறையவே வந்து விழுந்திருக்கின்றன. பாட்டியைத் தவிர வேறு யாரும் அவற்றில் உயிரோடு இருப்பதில்லை, அந்தப் பாட்டியும் மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போவாள்.

சரி, பேட்டி விஷயத்துக்கு வருவோம். பழியை முழுக்க எழுத்தாளர் தலையில் கட்டாதீர்கள். மேடையில் உட்கார வைத்து, கையில் மைக்கைக் கொடுத்து, 'உங்கள் படைப்புகளில் உங்கள் மண்ணின் பங்கு என்ன?' என்று கேட்டால் மனிதர் மண்ணைப் பற்றிப் பேசாமல் வேறென்ன செய்வார்? இந்தக் கேள்வியில் கேட்பவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லை, பின்னட்டையைப் புரட்டியிருந்தால் போதும். 'அந்த அத்தியாயத்தை ஏன் மகள் பார்வையில் எழுதாமல் அப்பா பார்வையில் எழுதினீர்கள்?' என்று கேட்க முந்நூறு பக்கம் படித்துவிட்டு வர வேண்டும். அதற்கு நேரமுள்ளவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை.

வெளியூர் மேடை என்றால் இன்னும் மோசம். பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' ஆங்கிலத்துக்குப் போய் 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கியது, நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் தமிழ் தெரியாத கூட்டத்தின் முன்னால் உட்காரும் எந்தத் தமிழ் நாவலாசிரியரும் தன் ஊர் எங்கே இருக்கிறது, அங்கே யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுவார்கள், யார் மாட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கியாக வேண்டும், அது முடிவதற்குள் கொடுத்த நேரம் முடிந்துவிடும், நாவலாசிரியர் கோயில் வாசல் கைடு மாதிரி ஆகிவிட்டிருப்பார். அப்புறம் இன்னொன்று, அடையாளத்தை எல்லோரும் ஆசைப்பட்டுத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள் என்றும் நினைக்காதீர்கள். இதே பெருமாள்முருகன் தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில் சிக்கி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்ப எழுத வந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் 'ஊரை விடுங்கள், உத்தியைச் சொல்லுங்கள்' என்று கேட்க எனக்கு வாய் வராது.

இனி நம் மாவட்டம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நாலு தாலுகா 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் இங்கே பிறந்தவர்களுக்கு எந்த மொழியில் எழுதுவது என்பதே திறந்து கிடந்த கேள்வி. சுந்தர ராமசாமி பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், தமிழை வளர்ந்த பிறகு தானாகக் கற்றுக்கொண்டார். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரானுக்கும் பள்ளி மொழி மலையாளம்தான். அவர் தமிழில் 'சாய்வு நாற்காலி' எழுதி 1997இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். திருநெல்வேலியில் வத்தல் வியாபாரம் செய்துகொண்டே கடலோர ஊரை எழுதிய மனிதர் அவர். ஹெப்சிபா ஜேசுதாசனும் நீல பத்மநாபனும் இருந்தது திருவனந்தபுரத்தில். நாஞ்சில் நாடன் 'தலைகீழ் விகிதங்கள்' எழுதியபோது பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைப் பிரிந்தால்தான் எழுத்து வரும் என்று இதிலிருந்து ஒரு சூத்திரம் போட்டுவிடாதீர்கள், சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலேயே துணிக்கடை நடத்திக்கொண்டு எழுதியவர்.

அப்புறம், எதைப் பற்றி எழுதினார்கள் என்று பாருங்கள். பொன்னீலனின் 'கரிசல்' கரிசல் பூமியின் கதை, குமரிக்காரர் எழுதியதுதான். நம்மூர்க் கலவரத்தை, 1982 மண்டைக்காட்டை, அவர் எழுதியது வெகுகாலம் கழித்து, 2010இல் வந்த 'மறுபக்கம்' நாவலில். சுந்தர ராமசாமியின் 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' நடப்பது கோட்டயத்தில். 1981இல் வந்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' ஒரு மலையாள எழுத்தாளனைப் பற்றியது. எழுத்தாளன் தன் வாழ்க்கை, எழுத்து, பண்பாடு பற்றி ஓயாமல் பேசுவது உங்களுக்கு அலுப்பு என்றால் அதைப் படித்துப் பாருங்கள், அந்தப் பேச்சையே நாவலாக்கி வைத்திருக்கிறார், டைரிக் குறிப்பு உட்பட. ஜே.ஜே.யின் பெருமையும் கசப்பும் அசட்டுத்தனமும் சேர்ந்து வெளியே வருவதால் அது அலுக்கவில்லை. பேட்டியில் அசட்டுத்தனத்தை எடிட் பண்ணிவிடுகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

அடையாளம் தேவையா என்று கேட்டீர்கள். அது ஒரு தகவல் வங்கியாக நாவலாசிரியனுக்குத் தேவை. யாருக்கு யார் கடன், யார் வீட்டு முற்றம் வரை யார் வரலாம், எந்தத் திருமணப் பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகும், இதெல்லாம் உள்ளே இருந்தவனுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. அதில் காதலிக்கும் லிஸியும் தங்கராஜும் ஒரே சாதி, ஒரே சபை. இருந்தும் அவன் பனையேறியின் மகன், அவள் புத்தம் வீட்டுக் கண்ணப்பச்சியின் பேத்தி. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தான், சாதிப் பட்டியலில் ஒரே வரி. அந்த ஒரே வரிக்குள்ளே இருக்கும் பள்ளம்தான் மொத்த நாவலும். ஹெப்சிபா அதில் 'என் மண், என் மக்கள்' என்று மார்தட்டவில்லை, தன் மக்கள் எங்கே சின்னத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார். பேட்டியில் சொந்த ஊரைப் புகழ்வது சுலபம், நாவலில் புகழ்ந்தால் நாலாவது பக்கத்தில் வாசகன் தூங்கிவிடுவான்.

தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை 'தூப்புக்காரி'யில் எழுதி 2012இல் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார் வாங்கிய மலர்வதியையும் படியுங்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய வறுமையைத்தான் முதலில் சொல்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. கஷ்டப்பட்டவர்கள் நம் மாவட்டத்தில் லட்சம் பேர், அதை நாவலாக்க உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்?

இப்போது உங்கள் நாவல். அப்பா பால் வெட்டுபவர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு 'அசல் குமரி' தேடி எங்கேயோ போகிறீர்கள். விடியும் முன்னால், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவர் தோட்டத்துக்குள் போகிறார். வெயில் ஏறினால் பால் வரத்து குறைந்துவிடும். முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிற பாலை, ஒட்டுப்பாலை, முதலில் உரித்தெடுக்க வேண்டும், அப்புறம் பட்டையை மெல்லிசாக, சரிவாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், அந்தக் காயத்தைத் தோட்டக்காரர் வருஷக்கணக்கில் மறக்க மாட்டார். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் காய வைப்பது வரை ஒரு வேலை இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. வானத்தைப் பார்த்துவிட்டு அப்பா திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தால் அடுக்களையில் அம்மா என்ன செய்வார்? ஒட்டுப்பால் விற்ற காசு யாருக்கு, தோட்டக்காரருக்கா வெட்டுகிறவருக்கா? அதில் எப்போதாவது சண்டை வந்ததா? இதற்கெல்லாம் பதில் உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஜெயமோகன் 1990லேயே 'ரப்பர்' எழுதிவிட்டாரே என்று கலங்க வேண்டாம். அது தோட்டம் வைத்துப் பெரிய ஆளான பெருவட்டர் குடும்பத்தின் கதை. கத்தி பிடித்தவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதே மரம் வேறு மாதிரித்தான் தெரியும்.

பேச்சு மொழி பற்றி உங்கள் நண்பர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். விளவங்கோட்டுப் பேச்சு தோவாளைக்காரருக்கே பாதி புரியாது, அதனால் யாரும் இங்கே பேசுவதை நிறுத்திவிடவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கதாபாத்திரங்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினால் அது வட்டார வழக்கு ஆகாது, உங்கள் வழக்கு. கத்தோலிக்கக் கடற்கரைக்காரர், மலையடிவாரத் தோட்டத்துக்காரர், நாகர்கோவில் வக்கீல் எல்லோரும் வெவ்வேறாகப் பேசுவதைக் கேட்டுத்தானே வளர்ந்தீர்கள்? பஸ்ஸில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாலே போதும், போனைப் பைக்குள் போட்டுவிட்டு.

அருஞ்சொற்பொருள் எல்லாம் அச்சுக்குப் போகிற வாரத்தில் முடிவு செய்கிற விஷயம். பதிப்பகத்தார் கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். இப்போதே பட்டியல் போட உட்கார்ந்தால் அதற்காகவே வார்த்தைகளைத் தேடிச் சேர்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஒட்டுப்பால் காசு விவகாரம் வருகிற அத்தியாயத்தை முதலில் எழுதி அனுப்புங்கள். கதைச் சுருக்கமும் முன்னுரையும் வேண்டாம், அவற்றை நான் படிப்பதில்லை.