மூத்த ஓட்டக்காரரின் மனச்சோர்வுக்கு ஓட்டமே காரணமா?

அறுபத்தாறு வயதாகும் தங்கள் தந்தையார் பல ஆண்டுகளாக மூத்தோர் ஓட்டப் போட்டிகளில் பங்கேற்று வருகிறார் என்றும், சில மாதங்களாக யாரிடமும் அதிகம் பேசாமல் சோர்ந்திருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடும் பயிற்சியால் உண்டாகும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மூளையைப் பாதித்துவிட்டதா, ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைட்டமின் மாத்திரை கொடுக்கலாமா என்பது தங்கள் கேள்வி. நான் மருத்துவன் அல்லன். பினாங்கில் மூத்த ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியளிப்பவன். மருத்துவர் சொல்லாத வரையில் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், ஆனால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதே என் பதில்.

தங்கள் அச்சத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். செல்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உருவாக்கும்போது, அதில் ஒரு சிறு பகுதி எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகளாக மாறுகிறது. அவற்றை அடக்க உடலின் தற்காப்பு போதாதபோது கொழுப்பும் புரதமும் டிஎன்ஏவும் சேதமடைகின்றன. இதுவே ஆக்சிஜனேற்ற அழுத்தம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்வதாலும், எளிதில் கெடும் கொழுப்பு அதில் நிறைந்திருப்பதாலும், இச்சேதத்துக்கு அது எளிதில் ஆளாகும். மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் அந்தச் சேதத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஆனால் தூக்கக் குறைவு, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவையும் அதே அடையாளங்களை உயர்த்துகின்றன என்பதால், அதைக் கொண்டு ஓட்டத்தைக் குற்றவாளியாக்க முடியாது.

களைத்துப்போகும் வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் கல்லீரலிலும் இம்மூலக்கூறுகள் இரண்டு மூன்று மடங்கு பெருகியதை 1982இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது ஒரே ஒரு கடும் ஓட்டத்தின் விளைவு. தொடர்ந்து பயிற்சி செய்பவரின் உடலோ அந்தச் சிறு தாக்குதலையே அறிவிப்பாக எடுத்துக்கொண்டு, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் போன்ற காப்பு நொதிகளைக் கூட்டுகிறது. வயது ஏற ஏற இந்தப் பதில்வினை மந்தமாகும் என்பதும், மூத்தவர்களுக்குக் கடும் பயிற்சிக்குப் பிறகு கூடுதல் ஓய்வு தேவை என்பதும் உண்மையே. ஆயினும் பயிற்சியைக் கைவிடாதவர்களிடம் அந்தக் காப்பு பெரும்பாலும், உட்கார்ந்தே இருக்கும் சம வயதினரைவிட நன்றாக இருக்கிறது.

இங்குதான் மாத்திரை இடையூறாகிறது. ஜெர்மனியில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் எடுத்துக்கொண்டு பயிற்சி செய்த இளைஞர்களுக்கு, இன்சுலின் செயல்திறனில் பயிற்சி தர வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. அந்த அறிவிப்பையே மாத்திரை அடக்கிவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கொய்யாவும் பப்பாளியும் முருங்கைக்கீரையும் மத்தி மீனும் தாராளமாகச் சாப்பிடட்டும். மருந்துக்கடை அலமாரியில் அடுக்கியிருக்கும் பெரிய அளவு மாத்திரைகளைக் குறைபாடு உறுதிப்படாமல் வாங்க வேண்டாம்.

மனச்சோர்வைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 156 பேரிடம் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், 16 வார உடற்பயிற்சியும் செர்ட்ராலின் மருந்தும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. இதைப் படித்துவிட்டு ‘ஓடுகிறவருக்கு மனச்சோர்வு வராது’ என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் மூத்த வீரர்களைப் பேசவிடாமல் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. இளைஞர் பூங்காவிலும் தண்ணீர்மலைப் பக்கத்திலும் விடியற்காலையில் ஓடும் பெரியவர்களிடம் நான் கண்டவரையில், சோர்வு பெரும்பாலும் ஓட்டத்திலிருந்து வருவதில்லை. முழங்கால் காயத்தால் ஓட்டம் தடைப்படுவதும், ஒவ்வோர் ஆண்டும் ஓடி முடிக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதும், உடன் ஓடிய நண்பர் மறைவதும், பணி ஓய்வும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. வழக்கமாகப் பயிற்சி செய்பவர்கள் திடீரென நிறுத்தினால் இரண்டு வாரங்களுக்குள்ளேயே மனநிலை தாழ்வது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகையால்தான் நிறுத்தச் சொல்லாதீர்கள் என்கிறேன். இதற்கு நேர்மாறாக, குறையும் வேகத்தை மீட்கப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் அதிபயிற்சி நிலை வரும். அதில் தூக்கமும் பசியும் ஆர்வமும் குறைவதால் மனச்சோர்விலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். நம் வெயிலில் காலை ஒன்பதுக்குமேல் ஓடுவது அச்சுமையை இன்னும் கூட்டும்.

எங்கள் தலைமுறை ஆண்கள் ‘மனம் சரியில்லை’ என்று சொல்லமாட்டார்கள், ‘உடம்பு அசதி’ என்பார்கள். அச்சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிடித்தவற்றில் ஆர்வமின்மை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலே அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல அது போதிய காரணம். உயிரைவிடும் பேச்சு எழுந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

கிளினிக்கில் தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளைக் கேளுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராயின் பி12 பரிசோதனை மிக முக்கியம், ஏனெனில் நெடுநாள் பயன்பாட்டில் அம்மருந்து பி12 அளவைக் குறைக்கக்கூடும். அக்குறைபாடும் மனச்சோர்வாகத் தோன்றலாம். அவர் ஓட்டக்காரர் என்பதையும், ஓய்வில் நாடித்துடிப்பு இயல்பிலேயே குறைவாக இருக்கலாம் என்பதையும் மருந்து எழுதுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.