திரோம்சோ நண்பரைப் போகும்போதே பார்த்துவிடுங்கள்

வணக்கம் சார். நார்வே கடற்கரையோரமாகத் தெற்கே உள்ள பெர்கனிலிருந்து வடகோடியில் உள்ள கிர்க்கெனெஸ் போய்த் திரும்பும் 12 நாள் கப்பலில், திரோம்சோவிலும் ஸ்வோல்வேரிலும் இருக்கும் கல்லூரித் தோழர்களைத் திரும்பும்போது பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வடக்கே போகும்போதே பாருங்கள்.

வழியில் 34 துறைமுகங்கள். போகும்போது பகலில் தொடும் ஊரைத் திரும்பும்போது பெரும்பாலும் இரவில் தொடும். திரோம்சோவில் போகையில் மதியத்துக்கு மேல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். துறை ஊர் நடுவிலேயே இருக்கிறது, நடந்தே போய்ச் சாப்பிட்டு வரலாம். திரும்பும்போதோ நள்ளிரவு. அந்த நேரத்தில் யாரைப் போய் எழுப்புவது?

ஸ்வோல்வேரில் போகும்போது இரவு ஒன்பது மணிவாக்கில் கொஞ்ச நேரம்தான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நண்பரை முந்தைய துறையான ஸ்டாம்சுண்டில் ஏறச் சொல்லுங்கள். உள்ளூர்க்காரர்கள் பஸ் மாதிரி ஒரு துறைக்கு மட்டும் டிக்கெட் எடுப்பது அங்கே சகஜம். ஒன்றரை மணி நேரம் மேல்தளத்தில் அரட்டை அடித்துக்கொண்டே அவர் ஊரிலேயே இறங்கிக்கொள்வார். கரையில் அவசரமாகக் காபி குடிப்பதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஓர் இரவு தங்க ஆசையா? தினமும் ஒரு கப்பல் வடக்கே கிளம்புகிறது. டிக்கெட்டை முதலிலேயே பகுதி பகுதியாக எடுத்தால் இறங்கித் தங்கி மறுநாள் ஏறலாம். செலவு கூடும்.

அப்புறம், கப்பல் யாருக்காகவும் காத்திராது. பருவத்துக்கு ஏற்ப நேரம் மாறும், அட்டவணையை நண்பர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.