மூச்சு வாங்குகிறது என்றால் வயது என்கிறார் மருத்துவர்

கேள்வி: எனக்கு வயது 43. பாம்பன் பக்கத்தில் கடலில் பாசி எடுக்கும் தொழில் செய்கிறேன். ஆறு மாதமாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. படபடப்பும் தலைச்சுற்றலும் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு முறை முங்கினால் மூன்று பிடி பாசி பறித்துக்கொண்டு மேலே வருவேன். இப்போது ஒரு பிடி பறிப்பதற்குள் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறேன். மாதவிலக்கும் எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. தனியார் மருத்துவர் ஒருவரிடம் இரண்டு முறை போனேன். ‘வயதாகிறது, வேலை அதிகம், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்று சொல்லி, கேஸ் மாத்திரையும் சத்து ஊசியும் கொடுத்து அனுப்பிவிட்டார். கணவர் உடன் இருந்ததால் மாதவிலக்கைப் பற்றி நான் பேசவில்லை. படித்தவரிடம் எதிர்த்துப் பேசலாமா? வேறு மருத்துவரிடம் போனால் இவர் கோபித்துக்கொள்வாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள மிக முக்கியமான இரண்டு செய்திகள் அந்த மருத்துவரின் காதுக்கு எட்டவே இல்லை என்று நினைக்கிறேன். ஒன்று, முங்கும்போது மூச்சு தாங்கும் நேரம் குறைந்துபோனது. மற்றொன்று, ஒன்பது நாள் வரை நீளும் உதிரப்போக்கு. ‘அசதியாக இருக்கிறது, படபடப்பாக வருகிறது’ என்பதை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்தச் சொற்கள் உறைப்பதில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு மூன்று பிடி பறித்தவரால் இப்போது ஒரு பிடிகூடப் பறிக்க முடியவில்லை என்பதைக் கேட்டால், கடலோரத்தில் தொழில் நடத்தும் எந்த மருத்துவரும் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும்.

பழியை உங்கள் மீது போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டறிய வேண்டியது மருத்துவரின் கடமை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் மூச்சு வாங்குகிறது என்று வந்து உட்கார்ந்தால், கீழ் இமையை இழுத்து உட்புறம் வெளிறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும், நாடித்துடிப்பை எண்ணுவதற்கும், மாதவிலக்கு எப்படி என்று கேட்பதற்கும் அதிக நேரம் ஆகாது. 43 என்பது காரணமில்லாமல் மூச்சு வாங்கும் வயதே அல்ல. சத்து ஊசியின் மீதும் குளுக்கோஸ் பாட்டிலின் மீதும் நம் ஊர்களில் அசாத்திய நம்பிக்கை இருக்கிறது. ஏற்றிய அன்று தெம்பு வந்ததுபோலத் தோன்றும், நோயின் காரணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும், கட்டி கட்டியாகப் போவதும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியோ நாப்கினோ மாற்ற வேண்டியிருப்பதும் அதிக உதிரப்போக்கின் அடையாளங்கள். மாதாமாதம் இப்படி இரத்தம் போனால் ஹீமோகுளோபின் குறையும். உடலெங்கும் ஆக்சிஜனைக் கொண்டுசேர்ப்பது அதுதான் என்பதால், மூச்சை அடக்கி நீருக்குள் பாடுபடும் ஒருவருக்கு அந்தக் குறை கரையில் இருப்பவர்களைவிட முன்னதாகவே தெரியவரும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக இருந்தால் இரத்தசோகை என்றும், 8 கிராமுக்குக் குறைந்தால் கடுமையான இரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. உதிரப்போக்குக்குக் கர்ப்பப்பையில் உள்ள நார்த்திசுக் கட்டியோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். இதயக் கோளாறாலும் மூச்சு வாங்கும் என்பதால் ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இருப்பது இன்னதுதான் என்று கடிதத்தை மட்டும் படித்து நான் சொல்ல முடியாது. பரிசோதனை இல்லாமல் அது வெறும் கேஸ் என்று அவரும் சொல்ல முடியாது.

அடுத்த முறை போகும்போது, மாதவிலக்கு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றினீர்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகும் நாட்களில் மட்டும் மூச்சு வாங்குகிறதா, வீட்டில் இருக்கும் நாட்களிலும் குடம் தூக்கினால் வாங்குகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாட்களிலும் வாங்குகிறது என்றால் ‘வேலை அதிகம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, ‘ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு முங்குல மூணு பிடி எடுப்பேன் டாக்டர், இப்ப ஒரு பிடி எடுக்க முடியல; மாசம் ஒம்பது நாள் போகுது, ரத்தம் பார்க்கணுமா?’ என்று கேட்டுவிடுங்கள். அதற்கும் வயதுதான் பதில் என்றால், ‘வேற எதுவும் இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?’ என்று பணிவாகவே கேட்கலாம். நீங்கள் சொன்ன தொந்தரவுகளையும், பரிசோதனை தேவையில்லை என்ற அவருடைய முடிவையும் சீட்டில் குறித்துத் தரும்படி கேளுங்கள். எழுதப் போகும்போது பலரும் இன்னொரு முறை யோசிப்பார்கள்.

கணவர் வரட்டும், ஆனால் உங்களுக்குப் பதிலாக அவர் பேச வேண்டாம். சில நிமிடம் வெளியே இருக்கச் சொல்லலாம். மருத்துவர் ஆணாக இருந்து கூச்சமாக இருந்தால், செவிலியரிடம் முதலில் சொல்லி அவரை உடன் நிற்கச் சொல்லலாம். ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பதும், வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம் என்பதும் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே அவர் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஹீமோகுளோபின் பரிசோதனையை அங்கே காசில்லாமல் செய்துகொள்ளலாம். ஸ்கேனுக்கும் மகளிர் நோய்ப் பிரிவுக்கும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.

இரத்த அளவு தெரியும்வரை முங்க வேண்டாம். வருமானம் போகும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் ஏற்கெனவே தலைச்சுற்றல் உள்ளவருக்கு நீருக்கடியில் மயக்கம் வந்தால் தூக்குவதற்கு ஆள் இருக்காது. நெஞ்சை அழுத்துவதுபோல் இருந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ எந்த மருத்துவரின் ஒப்புதலுக்கும் காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இரத்தசோகை என்று தெரிந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அதை டீயோடு சேர்த்து விழுங்காதீர்கள். டீ அந்தச் சத்தை உடலில் சேர விடாது. மாத்திரையோடு விஷயத்தை முடித்துவிடப் பார்த்தால் அங்கேயும் விடாமல் கேட்க வேண்டும். உதிரப்போக்கைக் கவனிக்காமல் இரும்புச்சத்தை மட்டும் ஏற்றுவது, ஓட்டை வள்ளத்தை அடைக்காமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பது போலத்தான். ‘இவ்வளவு ஏன் போகிறது, ஸ்கேன் எப்போது எடுக்கலாம்?’ என்று கேட்டு, தேதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.