மலை வரவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உப்புவெளியில் வசிக்கும் விஞ்ஞான ஆசிரியை. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்றும் நாம் காணக்கூடிய பகுதியின் விட்டம் 9300 கோடி ஒளியாண்டுகள் என்றும் தரம் 10 வகுப்பில் சொன்னேன். ஒளியைவிட வேகமாக எதுவும் செல்லாது என்றால் இந்த அகலம் எப்படி வந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். அது பரீட்சைக்கு வராது என்று அவனை உட்காரச் செய்துவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இவ்வளவு பெரிய வெளியில் மனிதன் வெறும் தூசுதானே, இதில் பாடம் எதற்கு, பரீட்சை எதற்கு என்று தோன்றிவிட்டது. நம் முன்னோர் இதையெல்லாம் அன்றே அறிந்திருந்தார்கள் என்கிறார் என் கணவர். வேறு உலகங்களில் உயிர்கள் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

சென்ற வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு மலை விளிம்பில் நின்று, கீழே வள்ளங்கள் கரை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது ஆண்டுகளாக மறந்திருந்த ஒரு வசவு நினைவுக்கு வந்தது. அதைச் சுமந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். உங்கள் கடிதம் காத்திருந்தது.

முதலில் மாணவனின் கேள்வி. ஒளி பயணம் செய்த காலமெல்லாம் அது கடந்துவந்த வெளியும் விரிந்துகொண்டே இருந்தது. மிகப் பழைய ஒளி எந்த இடத்திலிருந்து புறப்பட்டதோ, அந்த இடம் இன்று ஏறத்தாழ 4600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் போய்விட்டது. அதன் இரட்டிப்பே நீங்கள் சொன்ன விட்டம். வேகவரம்பு வெளியினூடே செல்பவற்றுக்குத்தான்; வெளி தானே விரிவதற்கு அது பொருந்தாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கரும்பலகையில் எழுதப்பட்ட இரண்டு எண்களை ஒப்பிட்டு அவற்றுக்கிடையே ஒரு முரணைக் கண்டுபிடித்த பையனைப் பரீட்சையைக் காட்டி வாயடைத்தீர்களே, அது பெரும் பிழை. இதற்கு இதைவிட மெல்லிய சொல் என்னிடம் இல்லை. உறக்கம் வராமற் போனது நல்லதுதான்.

உங்கள் கணவருக்கு என் வணக்கம். முன்னோர் வானத்தை வியந்து பாடினார்கள். வியப்பது வேறு, அளப்பது வேறு. வேற்றுலக உயிர்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் அக்கரை மூதூரையே இன்னும் ஒழுங்காக அறியவில்லை.

என்னைச் சினங்கொள்ள வைத்தது அந்தத் 'தூசு'. எவ்வளவு சிறிய தூசு என்று யாரேனும் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? கணக்கிட்டுப் பார்த்தீர்களா? பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றரைக் கரும்பலகையில் ஒரு மீற்றராகக் குறியுங்கள். சூரியன் ஒன்பது மில்லிமீற்றர், ஒரு கடலையின் அளவு. பூமி ஒரு தலைமயிரின் தடிப்பளவான புள்ளி. கடைசிக் கோளான நெப்டியூன் 30 மீற்றர் தள்ளி, பாடசாலை முற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அடுத்த சூரியனைக் காண ஏறத்தாழ 270 கிலோமீற்றர் போகவேண்டும். திருகோணமலையில் பேருந்து ஏறினால் கொழும்பு வந்துவிடும் தூரம். சுழியங்களை வரிசையாக எழுதச் சொல்லி மலைக்க வைப்பதைவிட, முற்றத்தையும் கொழும்பையும் பிள்ளைகளின் மனதில் ஒன்றாக நிறுத்துங்கள். மலைத்து நிற்பவன் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை.

இனி அந்த வசவு. எனக்குப் பதினொரு வயது இருக்கும். அம்மாவின் தமையனார், நான் மாமா என்று அழைத்தவர், திருக்கடலூரிலிருந்து தூண்டில் தொழிலுக்குப் போய்வருவார். ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டார். எங்கும் ஒரே நீலமாகத் தெரிந்த கடலில், மீன் கிடைக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, ஒரு வீட்டு முற்றத்தின் அகலத்தைத் தாண்டாது. ஜிபிஎஸ் இல்லாத காலம். மாமா தண்ணீரைப் பார்க்கவேயில்லை, கரையைப் பார்த்தபடியே வள்ளத்தைச் செலுத்தினார். ஒரு பக்கம், கரையோரப் பனை ஒன்று உள்நாட்டு மலையொன்றின் உச்சிக்கு நேரே வந்தது. மறுபக்கம், கோணமலையின் முனை அதற்குப் பின்னிருந்த குன்றின் சரிவைத் தொட்டது. இரண்டும் ஒருசேரப் பொருந்திய கணத்தில் நங்கூரத்தைப் போட்டார். அங்கேதான் பார் இருந்தது. திரும்பும்போது பனைகள் விரைந்து பின்னோக்கி ஓடுவதையும் தொலைவிலிருந்த மலை மட்டும் பின்தங்காமல் வருவதையும் கண்டு, "மாமா, அந்த மலை எங்களோட வருது" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. "மலை வரேல்லையடா மடையா, அது தூரத்தில நிக்குது. நீதான் போறாய்."

பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கொப்பர்னிக்கசின் நூல் வெளிவந்த 1543 இற்குப் பிறகு ஐரோப்பிய அறிஞர்கள் மல்லுக்கட்டியது இந்த வசவோடுதான். பூமி வள்ளத்தைப் போல ஓடுவதானால், அருகிலுள்ள விண்மீன்கள் தொலைவிலுள்ளவற்றுக்கு எதிரே ஆண்டுதோறும் இப்பக்கமும் அப்பக்கமும் நகரவேண்டும். தொலைநோக்கி இல்லாத காலத்தில் எவரினும் நுட்பமாக வானத்தை அளந்த டைக்கோ பிராகே தேடிப் பார்த்தார், ஒன்றும் நகரவில்லை. ஒன்றில் பூமி நிற்கவேண்டும், அல்லது விண்மீன்கள் நம்பமுடியாத தூரத்தில் இருக்கவேண்டும். அத்தனை வெறும் வெளியை ஏற்க மனம் ஒப்பாமல் அவர் பூமியை நிறுத்திவைத்தார். பிரபஞ்சத்தின் பருமனைக் கண்டு பின்வாங்கிய முதல் ஆள் நீங்கள் இல்லை, பிள்ளை.

அந்த நகர்வை 1838 இல் பெசல் என்ற ஜெர்மானியர் அன்னம் என்னும் விண்மீன் குழுவிலுள்ள மங்கலான ஒரு விண்மீனில் கண்டார். அவர் பெற்ற கோணம் ஒரு பாகையின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் சிறியது. மூதூர்க் கரையில் ஒருவர் இரண்டு சென்ரிமீற்றர் அகலமுள்ள நாணயத்தைத் தூக்கிப் பிடிக்க, கொட்டியாரக் குடாவுக்கு இப்பால் கோட்டையடியில் நின்று அதன் அகலத்தை அளப்பதற்கு ஒப்பு. கிடைத்த தூரம் பத்து ஒளியாண்டுக்குச் சற்று மேல். அவருக்கு முன்பே, 1832, 1833 ஆண்டுகளில், நன்னம்பிக்கை முனையிலிருந்து ஹென்டர்சன் என்பவர் இன்னொரு விண்மீனை அளந்திருந்தார். தம் அளவைத் தாமே நம்பாமல் வைத்திருந்து 1839 இல்தான் வெளியிட்டார். அந்த விண்மீன் ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் தெரியாது, இங்கிருந்து தெரியும். வைகாசி இரவில் தெற்கே தாழ்வாக, தென்சிலுவையின் கிழக்கே நிற்கும் இரண்டில் கூடுதல் ஒளியுடையது அது. தூரம் 4.37 ஒளியாண்டுகள், பேருந்துக் கணக்கில் நான் சொன்ன கொழும்பு அதுதான்.

தூரத்தை அளக்கும் ஏணியில் இது முதற்படி; அதன் மேலுள்ள படிகளை விரைந்து ஏறிவிடலாம். துடிக்கும் ஒருவகை விண்மீன்களின் துடிப்புக் காலத்திலிருந்து அவற்றின் உண்மை ஒளியை அறியலாம் என்று ஹென்ரியட்டா லெவிட் என்ற வானியலாளர் 1912 இல் காட்டினார். உண்மை ஒளி தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். அத்தகைய ஒன்றை ஹபிள் என்ற வானியலாளர் 1923 இல் அந்திரொமேடாவில் கண்டார். மழை விட்ட மார்கழி இரவில் நிலாவெளிக் கரையிலிருந்து வெறுங்கண்ணுக்குப் பஞ்சுத் துணுக்காகத் தெரியும் அது, 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வேறொரு விண்மீன் மண்டலம். ஆனால் மேற்படிகள் யாவும் கீழ்ப்படியின் மேலேயே நிற்கின்றன. 2013 இல் ஏவப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்ததும் மாமாவின் முறையில்தான். பனைக்கும் மலைக்கும் பதில் விண்மீன்கள், வள்ளத்துக்குப் பதில் சூரியனைச் சுற்றும் பாதை.

ஆகவே திங்கட்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும், கேள்வி சரியானது என்று சொல்லுங்கள். பிறகு வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கரையோரமாக நடந்தபடி, எந்தப் பனை எந்த மலையை மறைக்கிறது, எத்தனை அடி வைத்தால் விலகுகிறது என்று குறித்துவரட்டும். அந்த 4600 கோடியை யார், எந்தப் படியில் நின்று அளந்தார்கள் என்று அவன் அடுத்ததாகக் கேட்பான். அப்போது மறுபடி எழுதுங்கள்.